42 ஆண்டுகள் காத்திருந்த ஓட்டம்



தோட்டத்தில் வாழும் நமக்குக் காலத்தை அளக்கக் கடிகாரம் வேண்டுவதில்லை, மரம் போதும். பால்மரக் கன்றை நட்டால் ஆறேழு ஆண்டுகளில் வெட்டத் தொடங்குகிறோம். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் மரம் ஓய்ந்துவிடுகிறது. சாய்த்துவிட்டு மறுநடவு செய்கிறோம். செம்பனைக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஒரு மரத்தை நட்டு, அது பால் தந்து முதிர்ந்து சாய்ந்து, அதன் இடத்தில் நட்ட அடுத்த கன்றும் வளர்ந்து பால் வடிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகும் வரையுள்ள காலத்தைச் சற்று மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வளவு காலம் ஒரு நகரம், ஓர் ஓட்டப் பந்தயத்தில் இன்னொரு வெற்றிக்காகக் காத்திருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

நகரம் சிங்கப்பூர். பந்தயம் பெண்களுக்கான 200 மீட்டர் ஓட்டம். 1973-ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய நாடுகளின் விளையாட்டு விழாவில் அதில் தங்கப் பதக்கம் வென்றவர் குளோரி பர்னபாஸ் என்ற இந்திய வம்சாவளிப் பெண்மணி. அதே விழாவில் அதே ஓட்டத்தில் மற்றொரு சிங்கப்பூர்ப் பெண் தங்கம் வென்றது 2015-ஆம் ஆண்டில். இடையில் ஓடி மறைந்தவை 42 ஆண்டுகள்.

குளோரி பர்னபாஸ் தொழிலால் பள்ளி ஆசிரியை. நாமும் அதே தொழிலில் இருப்பதால் இந்தக் கதையைச் சற்று உரிமையோடு சொல்கிறோம் என்றால் பொறுத்தருள்வீர்கள்.

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்களுக்குச் சிராங்கூன் சாலையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்குப் புடவை வாங்கவும், பூவும் வெற்றிலையும் வாங்கவும், வீரமாகாளியம்மன் கோவிலில் ஒரு சூடம் ஏற்றவும் அங்கே போகாத குடும்பம் அரிது. தேக்காச் சந்தைக்குப் பக்கத்தில் எருமைச் சாலை என்று ஆங்கிலத்தில் ஒரு தெருவும், அதே பொருளில் கெர்பாவ் என்று மலாயில் இன்னொரு தெருவும் இருக்கின்றன. அந்த வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வணிகத்தின் இருப்பிடம் என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி. அவற்றுக்கு அருகில் குதிரைப் பந்தயச் சாலை என்றும் ஒரு பெயரைக் காணலாம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் முதன்முதலாக அங்கே சென்றபோது, இந்த நெரிசலில் குதிரை எங்கே ஓடியிருக்கும் என்று நமக்கு வியப்பாக இருந்தது. உறவினர் ஒருவர் நம்மைச் சாலையின் முடிவுக்கு அழைத்துச் சென்று, பரந்த பசும்புல் திடல் ஒன்றைக் காட்டினார். அதுதான் ஃபேரர் பார்க்.

அந்தத் திடலைப் போல் அனுபவம் கண்ட நிலம் சிங்கப்பூரில் குறைவு. 1840-களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் அங்கே குதிரைப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். 1919-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தின் விமானம் இடைவழியில் வந்து இறங்கியதும் அங்கேதான். 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிச் சென்றது. திடல் பொதுமக்களின் விளையாட்டுக்கு வந்தது. நகராட்சித் தலைவராக இருந்த ஃபேரர் என்பவரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1942 பிப்ரவரி 17-ஆம் நாள், ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த இரண்டாம் நாள், இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் அந்தப் புல்லின் மீது கூட்டி நிறுத்தப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவம் பிறந்த கதையின் முதற்பக்கம் அங்கே எழுதப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். அடுத்த ஆண்டு, 1943-இல், நேதாஜி சிங்கப்பூரில் பெண்களுக்கென ஜான்சிராணிப் படையை அமைத்தார். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். அப்படையில் சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற பெண்கள் பலர். அதற்கு முன் வாளியும் கத்தியும் ஏந்திய கைகள் துப்பாக்கி ஏந்தின. சேலை கட்டியவர்கள் காற்சட்டை அணிந்து அதிகாலையில் ஓடினார்கள். பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நாம் இந்தச் செய்தியைச் சொல்வது வழக்கம். தங்கள் வீட்டுப் பாட்டியே அப்படி ஓடியவர் என்பதை மறந்துவிட்ட குடும்பங்களும் உண்டு.

போருக்குப் பின் ஃபேரர் பார்க் ஓட்டக்காரர்களின் இடமாகியது. 1968-ஆம் ஆண்டு மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடி, 33 ஆண்டுகள் எவரும் முறியடிக்காத தேசியச் சாதனையை வைத்த சி. குணாளன் பயிற்சி செய்த திடல் அது. அவரும் ஆசிரியரே. அக்காலத்து வீரர்கள் ஓடுவதற்குச் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். பகல் முழுதும் வகுப்பறையிலோ அலுவலகத்திலோ நின்றுவிட்டு, மாலை வெயில் சாய்ந்த பிறகு திடலுக்கு வருவார்கள். திருத்தாத நோட்டுப் புத்தகங்களைப் பையில் வைத்துக்கொண்டு ஓடப் போவது என்றால் என்ன என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். பெண்ணாக இருந்தால் வீட்டு வேலையும் சேர்ந்துகொள்ளும்.

குளோரி பர்னபாஸ் பிறந்தது 1942-இல். 1960-களிலேயே சிங்கப்பூரின் ஓட்டக்காரர்களில் ஒருவராகிவிட்டார். ஆனால் அவருடைய பெருநாள் வருவதற்குள் முப்பது வயது வந்துவிட்டது. குறுந்தூர ஓட்டத்தில் முப்பது என்பது அந்நாளில் வீட்டுக்குப் போகும் வயது. கல்யாணம், பிள்ளை, குடும்பம் என்று சமூகம் வேறொரு கணக்கு வைத்திருந்த வயதும் அதுவே. அவர் ஓடிக்கொண்டே இருந்தார்.

1973-இல் சிங்கப்பூர் முதன்முதலாகத் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டு விழாவை ஏற்று நடத்தியது. காலாங்கில் புதிய தேசிய விளையாட்டரங்கம் அவ்வாண்டு ஜூலையில்தான் திறக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் 1 முதல் 8 வரை ஏழு நாடுகளின் வீரர்கள் அங்கே கூடினார்கள். சிங்கப்பூர் தனி நாடாகி எட்டே ஆண்டுகள். சொந்த அரங்கம், சொந்தக் கொடி, சொந்த மக்கள். அந்த ஆரவாரத்தை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

200 மீட்டர் ஓட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். முழுச் சுற்று 400 மீட்டர். 200 என்பது அதில் பாதி: முதலில் ஒரு வளைவு, பிறகு ஒரு நேர்கோடு. வளைவின் வெளிப்புறப் பாதை நீளமானது என்பதால், வெளியே ஓடுபவரை முன்தள்ளி நிறுத்துவார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் இதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளையை மட்டும் ஏன் முன்னால் நிறுத்துகிறீர்கள்?" என்று நம்மிடம் சண்டைக்கு வந்த பெற்றோர் உண்டு. அது சலுகை அன்று; கணக்கு. வளைவில் வேகமாக ஓடினால் உடல் வெளிப்புறமாகத் தள்ளப்படும். லாரி வளைவில் திரும்பும்போது பின்னால் நிற்பவர்கள் சாய்வதில்லையா, அதுபோல. ஓடுபவர் உள்ளே சாய்ந்து அதைச் சமாளிக்க வேண்டும். வளைவிலிருந்து நேர்கோட்டுக்கு வரும்போதுதான் யார் முன்னே, யார் பின்னே என்பது முதன்முதலாகத் தெரியும். அதுவரை எல்லாம் மாயத்தோற்றமே.

அன்று வெல்வார் என்று பலரும் எதிர்பார்த்தவர் பர்மா நாட்டு வீராங்கனை. அவர் பெயர் தான் தான். (தற்பெருமை என்று எண்ணிவிடாதீர்கள், உண்மையிலேயே அதுதான் பெயர்.) நேர்கோட்டில் குளோரியும் அவரும் ஏறத்தாழ ஒன்றாகவே எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். யார் வென்றார் என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. நிழற்படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்த நிழற்படம் நம் கல்யாண வீட்டு நிழற்படம் போன்றதன்று. எல்லைக்கோட்டுக்கு நேராக ஒரு கருவியை வைத்திருப்பார்கள். அது மெல்லிய பிளவு ஒன்றின் வழியே அந்தக் கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே படச்சுருள் நகர்ந்துகொண்டே இருக்கும். கோட்டை முதலில் தொட்டவர் படத்தில் முன்னே பதிவார், அடுத்தவர் அதற்குப் பின்னே. தலையோ கையோ காலோ முந்தினால் பயனில்லை. கழுத்துக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உடற்பகுதி கோட்டை எட்டிய கணமே கணக்கு. 200 மீட்டரை 25 வினாடியில் ஓடுபவர் ஒரு வினாடிக்கு 8 மீட்டர் போகிறார். அப்படியானால் ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கில் அவர் கடப்பது 8 சென்டிமீட்டர். நான்கு விரற்கடை. பல்லாண்டுப் பயிற்சி முழுவதும் நான்கு விரற்கடைக்குள் வந்து நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

படத்தை நடுவர்கள் ஆராய்ந்து முடிக்கும் வரை ஓடியவர்களும் காத்திருந்தார்கள், அரங்கமும் காத்திருந்தது. முடிவு அறிவிக்கப்பட்டது. தங்கம் ஆசிரியைக்கு.

அந்த விழாவில் 4 x 400 மீட்டர் தொடரோட்டத்திலும் அவருடைய அணி தங்கம் வென்றது. மறு ஆண்டு, 1974-இல், டெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் அதே தொடரோட்டத்தில் சிங்கப்பூர்ப் பெண்கள் வெள்ளி பெற்றார்கள். அணியில் ஓடிய சீ சுவீ லீ பத்தொன்பது வயதுப் பெண். தனி 400 மீட்டரில் அவ்விழாவின் தங்கத்தை வென்றவர் அவர். குளோரியோ முப்பதைக் கடந்தவர். மாணவியாக இருக்கக்கூடிய வயதுடையவரும் ஆசிரியையும் ஒரே கோலைக் கைமாற்றிக்கொண்டு ஓடிய அணி அது. நம் நாட்டு எம். ராஜமணி 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வென்ற செய்தியை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். ஜொகூர் பாலத்துக்கு இக்கரையிலும் அக்கரையிலும் அப்படியொரு காலம் இருந்தது.

சிங்கப்பூரில் அடுத்து வந்த தமிழ்ப்பெண் கந்தசாமி ஜெயமணி. இவர் குறுந்தூரக்காரர் அல்லர், நெடுந்தூரம். 1977-இல் கோலாலம்பூர் விழாவில் தங்கம் வென்றவர், 1983-இல் விழா மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தபோது பெண்களுக்கான மராத்தானில் முதலிடம் பெற்றார். மராத்தான் என்பது 42 கிலோமீட்டருக்கும் மேல். இதன் அருமை புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களை 800 மீட்டர் ஓடவிட்டார்கள். ஓட்டம் முடிந்து சிலர் களைத்துச் சாய்ந்ததைக் கண்டு, பெண்ணின் உடல் இதைத் தாங்காது என்று பெரிய மனிதர்கள் முடிவு கட்டி, அந்தப் பந்தயத்தையே நீக்கிவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் ஓட வழி பிறந்ததோ 1984-இல். ஆக, ஒலிம்பிக் மேடை பெண்ணுக்கு மராத்தானைத் திறந்துவிடுவதற்கு ஓராண்டு முன்பே ஜெயமணி சிங்கப்பூர்ச் சாலைகளில் அதை ஓடி முடித்துவிட்டார். பொழுது விடியுமுன் எழுந்து, மேடும் பள்ளமுமான நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து, பால் சேகரித்துத் தூக்கிவரும் நம் தாய்மார்களைக் கேட்டிருந்தால், பெண்ணின் உடல் எதைத் தாங்கும் என்று அந்தப் பெரிய மனிதர்களுக்கு 1928-லேயே சொல்லியிருப்பார்கள்.

பிறகு 200 மீட்டரில் அந்த நீண்ட இடைவெளி. அதற்கு ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. அண்டை நாடுகளும் முன்னேறின. சிங்கப்பூரில் பிள்ளைகளின் மாலைப் பொழுதைப் பாடமும் தனிவகுப்பும் எடுத்துக்கொண்டன. பதின்மூன்று, பதினான்கு வயதில் நன்றாக ஓடும் பெண் பதினேழில் எங்கே போனாள் என்று கேட்டால், தேர்வுக்குப் போனாள் என்பதே பெரும்பாலும் விடை என்பது நம் எண்ணம்.

அதைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். வெறுங்காலோடு செம்மண் பாதையில் அவள் ஓடினால் பையன்கள் தூசியைத்தான் பார்ப்பார்கள். அவளை நாம் வட்டாரப் போட்டிக்கு அழைத்துச் சென்றோம்; இரண்டு பதக்கங்களோடு வந்தாள். மறு ஆண்டு பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனாள். பயிற்சி மாலையில், தோட்டத்துக்குத் திரும்பும் பேருந்தோ பிற்பகல் இரண்டு மணிக்கு. அதைத் தவறவிட்டால் வேறு வண்டி இல்லை. "சார், பிள்ளையை இருட்டில் எப்படித் தனியாக விடுவது?" என்று அவளுடைய தாயார் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. பதிலைத் தேடவும் இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. ஒரு மோட்டார் சைக்கிளும் கொஞ்சம் பெட்ரோலும் போதுமானதாக இருந்திருக்கலாம்.

சிங்கப்பூரில் அந்த இடைவெளியை முடித்துவைத்தவர் சாந்தி பெரேரா. 2015-இல் விளையாட்டு விழா மறுபடியும் சிங்கப்பூருக்கு வந்தது. பழைய அரங்கத்தை இடித்துவிட்டு அதே காலாங்கில் புதிய அரங்கம் கட்டியிருந்தார்கள். பதினெட்டு வயதுச் சாந்தி 200 மீட்டரை 23.60 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். மறுநாள் செய்திகளில் அவர் பெயரோடு 1973 என்ற ஆண்டும், குளோரி பர்னபாஸ் என்ற பெயரும் சேர்ந்தே வந்தன. அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

இளம் வயதில் வெற்றி வந்தால் எல்லாம் எளிதாகிவிடும் என்று எண்ணக்கூடாது. அடுத்து வந்த ஆண்டுகள் சாந்திக்குக் கடினமானவை. தசைக் காயங்கள் ஏற்பட்டன, நேரம் குறையவில்லை, விளையாட்டு வீரர்களுக்கான அரசின் உதவித்தொகையும் ஒரு கட்டத்தில் கைவிட்டுப் போயிற்று. மீண்டும் 200 மீட்டர் தங்கம் வந்தது 2022-இல், ஹனோயில். 2023-இல் அணை உடைந்தாற்போல் ஆயிற்று. புனோம்பென் விழாவில் 100, 200 இரண்டிலும் தங்கம்; பாங்காக் ஆசியத் தடகளப் போட்டியில் மறுபடியும் இரண்டு தங்கம். அதே ஆண்டு சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு விழா. அங்கே 100 மீட்டரில் வெள்ளி. அக்டோபர் 2-ஆம் நாள் 200 மீட்டரில் 23.03 வினாடி, தங்கம். ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் சிங்கப்பூர் அதற்கு முன் தங்கம் கண்டது 1974-இல், சீ சுவீ லீயின் கழுத்தில். அதற்கிடையே 49 ஆண்டுகள். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சிங்கப்பூரின் கொடியை ஏந்தியவர்களில் சாந்தியும் ஒருவர்.

குளோரி பர்னபாஸ் இதற்கெல்லாம் இடையில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஓடிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு மூத்தோர் தடகளம் என்று ஒரு பிரிவு உண்டு. ஐந்தைந்து வயதாகப் பகுத்து ஓடவிடுவார்கள். எழுபது நிறைந்தவர் எழுபத்தைந்து நிறையாதவரோடு ஓடுவார். எழுபத்தைந்து நிறைந்ததும் அடுத்த பிரிவில் எல்லோரிலும் இளையவராகிவிடலாம்! எழுபது வயதைக் கடந்தும் அவர் அப்போட்டிகளில் கலந்துகொண்டார். சிங்கப்பூர் மூத்தோர் தடகளச் சங்கத்துக்குத் தலைவியாகவும் இருந்தார்.

ஃபேரர் பார்க் திடல் இருந்த நிலத்தில் வீடமைப்பு வாரிய வீடுகளையும் விளையாட்டு வசதிகளையும் சேர்த்துக் கட்டும் திட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது. குதிரையும் விமானமும் சிப்பாய்களும் ஓட்டக்காரர்களும் வந்துபோன நிலத்தில் இனிக் குடும்பங்கள் வரும்.

நாம் சொன்ன மாணவிக்கு இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டது. அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்; இரண்டு பிள்ளைகள், மூத்தவள் எங்கள் பள்ளியில் படிக்கிறாள். கடந்த விளையாட்டு விழாவில் தாய்மார்களுக்கென ஓர் ஓட்டம் வைத்தோம். பெயர் கொடுக்கக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றவரை, மகள்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, சுண்ணாம்புக் கோட்டருகே குனிந்து நின்றார். நாம் விசிலை ஊதினோம்.